காலத்தில் மாறும் பொருளுக்குள் மின்காந்த அலை: கையால் கணக்கிட்டு, கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிட்டார் தந்தி ஒன்றை மீட்டுங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முறுக்காணியைத் திருகி இழுவிசையைக் கூட்டுங்கள். சுருதி ஏறும். ஆனால் தந்தியின் மேல் அலை படிந்திருக்கும் வடிவம் மாறாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை அலைநீளம் என்றிருந்தது அப்படியே இருக்கும். தந்தியின் நீளம் மாறாதபோது அலைநீளம் எப்படி மாறும்? அலையின் வேகம் மட்டும் கூடியது, அதனால் அதிர்வெண் கூடியே தீர வேண்டும்.

பொருளின் பண்பு நேரத்தோடு மாறினால் அதற்குள் ஓடும் ஒளியோ ரேடியோ அலையோ என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தத் தந்தியிலேயே இருக்கிறது. மீதிப் பாதிதான் சுவையானது. வீச்சு எவ்வளவு மாறும், ஆற்றல் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது, எதிர்த்திசையில் ஓடும் அலை ஒன்று ஏன் புதிதாகப் பிறக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். பிளஸ் டூ இயற்பியலும் கொஞ்சம் வகையீடும் தெரிந்தவர் இந்தக் கணக்கு முழுவதையும் கையாலேயே போட்டுவிடலாம். ஒவ்வொரு படியையும் எண்களோடு போட்டுக் காட்டுகிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: எது மாறாது என்று முதலில் கேளுங்கள்

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி நுழைவது நமக்குப் பழகிய கதை. அங்கே எல்லை இடத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் கண்ணாடி, இரண்டும் எந்நேரமும் அப்படியே இருக்கும். எல்லைக்கு வந்து சேரும் முகடுகள் எத்தனையோ அத்தனைதான் உள்ளே போக முடியும். அதனால் அதிர்வெண் மாறாது, அலைநீளம் மாறும்.

இப்போது வேறொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கும் ஒரே பொருள், எல்லையே இல்லை. அதன் நடுவே அலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் 1-லிருந்து 2-க்குத் தாவுகிறது. இதைக் கால எல்லை என்போம். அந்தக் கணத்தில் முகடுகள் எங்கெங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கின்றன. எந்த முகடும் சட்டென்று பக்கத்து இடத்துக்குத் தாவ முடியாது. ஆகவே அலைநீளம் மாறாது, அதிர்வெண் மாறும்.

விதி எளியது. புதிய அதிர்வெண் = பழைய அதிர்வெண் × பழைய ஒளிவிலகல் எண் ÷ புதிய ஒளிவிலகல் எண். 1-லிருந்து 2 என்றால் அதிர்வெண் பாதியாகும்.

இதற்குப் பின்னால் ஆழமான காரணம் ஒன்று உண்டு. எமி நோதர் 1918-ல் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஓர் அமைப்பு நேரத்தோடு மாறாமல் இருந்தால் ஆற்றல் அழியாது, இடத்துக்கு இடம் மாறாமல் இருந்தால் உந்தம் அழியாது. கண்ணாடிப் பரப்பு இடச் சீர்மையைக் குலைக்கிறது, அதனால் உந்தம் மாறுகிறது, ஆற்றல் நிற்கிறது. கால எல்லை நேரச் சீர்மையைக் குலைக்கிறது, அதனால் ஆற்றல் மாறுகிறது, உந்தம் நிற்கிறது. எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் இந்த இரண்டில் எது உங்களுடையது என்று முதலில் எழுதி வைத்துவிடுங்கள். பொருள் இடத்திலும் காலத்திலும் சேர்ந்தே மாறினால் இரண்டுமே தனித்தனியாக நிற்காது. அது வேறு பாடம், இங்கே எடுக்கவில்லை.

படி 2: மேக்ஸ்வெல் சமன்பாட்டைச் சரியாக எழுதுங்கள்

மின்புலம் ஈ, மின் இடப்பெயர்ச்சி டி, காந்தப்புலம் பி என்று வைத்துக்கொள்வோம். டி = விடுதிறன் × ஈ. பொருளின் காந்தப் பண்பு மாறவில்லை, விடுதிறன் மட்டும் நேரத்தோடு மாறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம்தான் ஒப்பு விடுதிறன். எண் 2 என்றால் விடுதிறன் 4.

மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் நேர வகையீடு டி மேலும் பி மேலும் நிற்கிறது, ஈ மேல் அல்ல. சாதாரணப் பாடங்களில் விடுதிறன் மாறாதது என்பதால் அதை வகையீட்டுக்கு வெளியே இழுத்துவிட்டு ஈ-க்கு அலைச் சமன்பாடு எழுதிவிடுவோம். கை அதற்கே பழகிவிட்டது. இங்கே அதைச் செய்தால் கணக்கு முழுவதும் பிழை. விடுதிறனை உள்ளேயே வைத்து வகைப்படுத்தினால் இரண்டு உறுப்புகள் வரும்: விடுதிறன் × ஈ-யின் மாறுவீதம், அதோடு ஈ × விடுதிறனின் மாறுவீதம். பழக்கத்தில் விட்டுப்போவது இந்த இரண்டாவதுதான். நானும் இதை விட்டுவிட்டு, கிடைத்த விடை ஏன் எதிலும் பொருந்தவில்லை என்று வெகுநேரம் தேடியிருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் ஈ-யைத் தொடுவதே இல்லை. டி-யையும் பி-யையும் வைத்தே எழுதுகிறேன்.

டி-க்கு எழுதினால் சமன்பாடு அழகாக ஒடுங்கும். டி-யின் இரண்டாம் நேர வகையீடு + (ஒளிவேகத்தின் வர்க்கம் × அலை எண்ணின் வர்க்கம் ÷ விடுதிறன்) × டி = 0. அலை எண் என்பது 2π ÷ அலைநீளம். அடைப்புக்குள் இருப்பதைச் சுருள்வில்லின் விறைப்பு என்று பாருங்கள். விறைப்பு நேரத்தோடு மாறும் ஓர் ஊஞ்சல், அவ்வளவுதான். படி 7-ல் இதற்குத் திரும்பி வருவோம்.

எல்லை நிபந்தனையும் இதிலிருந்தே வருகிறது. டி அல்லது பி ஒரு கணத்தில் தாவினால் அதன் நேர வகையீடு முடிவிலியாகும். மறுபக்கத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. எனவே டி-யும் பி-யும் தாவாது. டி நிற்க, விடுதிறன் தாவினால், ஈ தாவத்தான் வேண்டும்.

படி 3: வீச்சுகளைக் கணக்கிடுங்கள்

புதிய பொருளில் அதே அலைநீளத்தோடு இரண்டு அலைகள் இருக்கலாம். ஒன்று முன்னே போகும், மற்றொன்று பின்னே போகும். தெரியாத வீச்சுகள் இரண்டு, நிபந்தனைகளும் இரண்டு. தீர்த்தால் வருவது இது. பழைய ஈ-யின் வீச்சை 1 என்றும், பழைய விடுதிறன் ÷ புதிய விடுதிறன் என்பதை விகிதம் என்றும் வைத்துக்கொண்டால்,

முன்னே போகும் ஈ = ½ × (விகிதம் + விகிதத்தின் வர்க்கமூலம்)
பின்னே போகும் ஈ = ½ × (விகிதம் − விகிதத்தின் வர்க்கமூலம்)

இதை ஃபிரெடெரிக் மார்கென்தாலர் 1958-லேயே எழுதிவிட்டார். ஒளிவிலகல் எண் 1-லிருந்து 2-க்குப் போனால் விகிதம் ¼, வர்க்கமூலம் ½. முன்னே போவது 0.375, பின்னே போவது −0.125.

இப்போது சரிபாருங்கள். இந்தப் பழக்கம் பின்னால் கணினியில் மிகவும் உதவும். டி-க்கு இரண்டையும் 4-ஆல் பெருக்கினால் 1.5, −0.5, கூட்டினால் 1. பி-க்கு ஒளிவிலகல் எண்ணால், அதாவது 2-ஆல் பெருக்க வேண்டும், பின்னே போகும் அலைக்குக் குறி மாறும். 0.75-ம் 0.25-ம் கூட்டினால் 1. உந்தம் என்பது டி × பி. முன்னே 1.5 × 0.75 = 1.125, பின்னே 0.5 × 0.25 = 0.125, எதிர்த்திசை என்பதால் கழித்தால் மறுபடியும் 1. நோதர் சொன்னது எண்ணில் வந்து நிற்கிறது.

ஆற்றலைப் பாருங்கள். விடுதிறன் × ஈ-யின் வர்க்கம்: 4 × (0.375² + 0.125²) = 0.625. முப்பத்தேழரை சதவீதம் காணாமல் போயிருக்கிறது.

எண் 2-லிருந்து 1-க்கு வந்தால்? விகிதம் 4, வர்க்கமூலம் 2. முன்னே 3, பின்னே 1. ஆற்றல் (9 + 1) ÷ 4 = 2.5 மடங்கு. இங்கே எங்கிருந்தோ வந்திருக்கிறது.

படி 4: ஆற்றலுக்குக் கணக்குச் சொல்லுங்கள்

எங்கே போனது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மேசை மேல் வைத்துப் பார்க்கும்படியான உதாரணம் ஒன்று இருக்கிறது.

1 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் 1 வோல்ட் ஏற்றி வைத்திருக்கிறோம். அதோடு மின்னூட்டம் இல்லாத 3 பிக்கோஃபாரட் மின்தேக்கியை ஒரு சாவியால் இணைக்கிறோம். மின்னூட்டம் அதேதான், மொத்த மின்தேக்குத்திறன் 4 ஆகிவிட்டது, அதனால் மின்னழுத்தம் ¼ வோல்ட். தேங்கிய ஆற்றலும் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி சாவியின் மின்தடையில் வெப்பமாகவும் கொஞ்சம் கதிர்வீச்சாகவும் போய்விட்டது.

அலையில் ஆற்றல் பாதி மின்புலத்தில், பாதி காந்தப்புலத்தில் இருக்கிறது. மின்புலப் பாதி 0.5 கால்வாசியாகி 0.125 ஆகிறது. காந்தப் பாதியை யாரும் தொடவில்லை, அது 0.5. கூட்டினால் 0.625. மேலே வந்த எண் இதுவேதான்! எதிர்ப்பக்கம், தனித்திருக்கும் மின்தேக்கியின் தகடுகளைக் கையால் விலக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் மாறாது, மின்தேக்குத்திறன் கால்வாசியானால் மின்னழுத்தம் 4 மடங்கு, ஆற்றலும் 4 மடங்கு. தகடுகளின் கவர்ச்சிக்கு எதிராக உங்கள் கை வேலை செய்திருக்கிறது. 0.5 × 4 = 2, அதோடு காந்தப் பாதி 0.5, மொத்தம் 2.5.

ஆக, பொருளை மாற்றுகிறவர்தான் ஆற்றலைக் கொடுக்கிறார் அல்லது எடுக்கிறார். ஆற்றல் அழிவின்மை விதி எங்கும் உடையவில்லை. அலையை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் பார்த்ததால்தான் உடைந்ததுபோல் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றலை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள், அது ஃபோட்டான் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். 1-லிருந்து 2 என்றால் 0.625 ÷ 0.5 = 1.25. 2-லிருந்து 1 என்றால் 2.5 ÷ 2 = 1.25. ஆற்றல் குறைந்தபோதும் ஃபோட்டான்கள் கூடியிருக்கின்றன! தனித்தனியாகப் பிரித்தால் முன்னே 1.125, பின்னே 0.125, வித்தியாசம் 1. முன்னே ஒன்று கூடினால் பின்னேயும் ஒன்று கூடுகிறது, எப்போதும் சோடியாகவே பிறக்கின்றன. பழைய இயற்பியல் கணக்கு ஒன்றின் அடியில் குவாண்டம் இயற்பியல் எட்டிப் பார்க்கும் இடம் இது.

படி 5: பொருளை எப்படி மாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நின்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

மேலே சாவியால் மின்தேக்கியைச் சேர்த்தோம், மின்னூட்டம் நின்றது. இப்போது சாவியைத் திறந்து அந்த 3 பிக்கோஃபாரடைக் கழற்றிவிடுங்கள். மின்தேக்குத்திறன் 4-லிருந்து 1-க்கு வந்துவிட்டது. ஆனால் மின்னழுத்தம் 4 மடங்காகுமா? ஆகாது. கழற்றிய மின்தேக்கி தன் பங்கு மின்னூட்டத்தைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. மின்னழுத்தம் தொடர்கிறது, மின்னூட்டம்தான் தாவியது. அதாவது இங்கே தொடர்வது ஈ, டி அல்ல. தகடுகளை விலக்கியபோதும் 4-லிருந்து 1, சாவியைத் திறந்தபோதும் 4-லிருந்து 1. விடைகள் வேறு வேறு.

பிளாஸ்மாவிலும், அதாவது எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து விடுபட்டு ஓடும் வாயுவிலும், இதே கதைதான். வாயு ஒன்றில் நுண்ணலை ஓடும்போது லேசர் துடிப்பால் வாயுவைச் சட்டென்று அயனியாக்கினால் அதிர்வெண் ஏறும். ஸ்காட் வில்க்ஸ், ஜான் டாசன், வாரன் மோரி ஆகியோர் 1988-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். புதிய அதிர்வெண்ணின் வர்க்கம் = பழையதன் வர்க்கம் + பிளாஸ்மா அதிர்வெண்ணின் வர்க்கம். பிளாஸ்மா அதிர்வெண் என்பது அந்த எலக்ட்ரான்கள் தாமாகவே அதிரும் அதிர்வெண். பிளாஸ்மா அதிர்வெண் அலையினுடையதைப் போல √3 மடங்கு என்று வைத்தால் அதிர்வெண் சரியாக இரட்டிக்கும். ஒளிவிலகல் எண் 1-லிருந்து ½ ஆனதாகத் தோன்றும். படி 3-ன் வாய்பாட்டில் போட்டால் முன்னே 3, பின்னே 1 என்று வரும்.

ஆனால் உண்மை அதுவல்ல. புதிதாகப் பிறந்த எலக்ட்ரான்கள் பிறக்கும் கணத்தில் அலையின் தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கவில்லை. மின்னோட்டம் சுழியிலிருந்து தொடங்குகிறது. அதனால் ஈ-யும் பி-யும் தொடர்கின்றன. இந்த நிபந்தனையோடு தீர்த்தால் முன்னே 0.75, பின்னே 0.25. மூன்றுக்கும் முக்காலுக்கும் எவ்வளவு தூரம்! இன்னொன்றும் மிஞ்சும்: நகராமல் நிற்கும் காந்தப்புலம் ஒன்று, அதைத் தாங்கி நிற்கும் மாறா மின்னோட்டத்தோடு பிளாஸ்மாவிலேயே தங்கிவிடும். அதிர்வெண் மாற்றத்துக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது, அது இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். வீச்சுக்குத்தான் தெரியும்.

ஆகவே பொருளுக்குள் மின்னூட்டங்கள் எங்கே இருக்கின்றன, மாற்றத்தின் கணத்தில் அவை என்ன செய்கின்றன என்று ஒரு வாக்கியமாவது எழுதிவிட்டு, அப்புறம் எல்லை நிபந்தனையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: பின்னே வரும் அலையை அடையாளம் காணுங்கள்

கால எதிரொளிப்பு என்ற பெயரைக் கேட்டதும் அலை கடந்த காலத்துக்குப் போகிறதோ என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. நேரம் முன்னேதான் ஓடுகிறது, அலை இடத்தில் பின்னே வருகிறது, அவ்வளவே. ஆனால் அது திரும்பும் விதம் கண்ணாடியிலிருந்து வேறுபட்டது.

மலைக்கு எதிரே நின்று 'வணக்கம்' என்று கத்தினால் எதிரொலியும் 'வணக்கம்' என்றே வரும். முதலில் போய் மோதிய 'வ' முதலில் திரும்பும். கால எல்லையில் அப்படி இல்லை. சொல் முழுவதும் வழியில் இருக்கும்போது ஒரே கணத்தில் அத்தனையும் திசை திரும்புகிறது. கடைசியாகக் கிளம்பிய 'ம்' தான் உங்களுக்கு மிக அருகில் இருந்தது, அது முதலில் வந்து சேரும். சொல் தலைகீழாகக் கேட்கும், அதிர்வெண் மாறிய குரலில்.

நீரலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எம்மானுவேல் ஃபோர், மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர் பாரிஸில் செய்து 2016-ல் வெளியிட்ட சோதனையில், நீர்த்தொட்டியைச் செங்குத்தாக ஒரு உலுக்கு உலுக்கினார்கள். அந்தக் கணத்தில் நீருக்குப் புவியீர்ப்பு மாறியதுபோல் ஆகிறது, அலைவேகம் எங்கும் ஒரே நேரத்தில் மாறுகிறது. விரிந்து போய்க்கொண்டிருந்த அலையிலிருந்து ஒரு பகுதி உள்நோக்கித் திரும்பி, கிளம்பிய புள்ளியிலேயே வந்து குவிந்தது.

மின்காந்த அலையில் தெளிவாகக் கண்டது 2023-ல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஆலூ குழுவினர் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள உலோகப் பட்டையை அட்டை ஒன்றில் வளைத்து வளைத்து அச்சிட்டு, அதன் நெடுக மின்னணுச் சாவிகளையும் மின்தேக்கிகளையும் பொருத்தினார்கள். சைகை பட்டைக்குள் இருக்கும்போது எல்லாச் சாவிகளையும் ஒரே கணத்தில் மூட, தலைகீழான சைகை திரும்பி வந்தது. படி 4-ன் மின்தேக்கியை வரிசையாக வைத்தால் இதுதான்.

படி 7: வேகம் போதுமா, ஒரு தடவை போதுமா?

சட்டென்று மாறியது என்றால் எவ்வளவு சட்டென்று? அலையின் ஒரு சுற்றுக் காலம்தான் அளவுகோல். 1 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு அது 1 நானோநொடி, மின்னணுச் சாவிக்கு எட்டும் தூரம். 600 நானோமீட்டர் ஒளிக்கு 2 ஃபெம்டோநொடி. இதனால்தான் ரேடியோ பக்கம் முந்திக்கொண்டது.

மாற்றம் பல சுற்றுகள் எடுத்து மெதுவாக நடந்தால் பின்னே போகும் அலை மறைந்துவிடும், அதிர்வெண் மாற்றம் மட்டும் நிற்கும். அப்போது ஆற்றல் ÷ அதிர்வெண் மாறாது. 1-லிருந்து 2-க்கு மெதுவாகப் போனால் ஆற்றல் 0.5, சட்டென்று போனால் 0.625. மெதுவான மாற்றம் பயனற்றது என்று நினைக்க வேண்டாம். 2007-ல் சிலிக்கான் வளையத்துக்குள் ஒளியை அடைத்து வைத்து, வளையத்தின் ஒளிவிலகல் எண்ணை மாற்றி, உள்ளே இருந்த ஒளியின் நிறத்தையே மாற்றிக் காட்டினார்கள்.

ஒளிக்கு இப்போது அதிகம் கையாளப்படும் பொருள் இண்டியம் டின் ஆக்சைடு. தொடுதிரைகளில் இருக்கும் அதே ஒளி புகும் கடத்திதான். அருகிலுள்ள அகச்சிவப்பில் இதன் விடுதிறன் சுழியை ஒட்டி இருக்கும், அதனால் சிறு தூண்டுதலும் பெரிய விகித மாற்றமாகிறது. 620 நானோமீட்டர் தடிமனுள்ள இதன் படலத்தில் அதிர்வெண்ணைச் சுமார் 6% வரை நகர்த்தியதை 2020-ல் வெளியிட்டார்கள். 2023-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிக்கார்டோ சாபியென்சா குழுவினர் இதே பொருளை இரண்டு முறை அடுத்தடுத்துத் தூண்டி, யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைக் காலத்தில் செய்து காட்டினார்கள். பட்டைகள் திரையில் விழவில்லை, நிறமாலையில் விழுந்தன. பிளவுகளுக்கு இடையே 1 பிக்கோநொடி என்றால் பட்டைகளின் இடைவெளி 1 டெராஹெர்ட்ஸ்.

சரி, மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால்? முதலில் இரண்டு தடவை. 1-லிருந்து 2, கொஞ்ச நேரம் கழித்து 2-லிருந்து 1, இரண்டு முறையும் டி-யும் பி-யும் தொடரும்படி. இடைப்பட்ட நேரம் புதிய சுற்றுக் காலத்தின் பாதி என்றால் எல்லாம் பழையபடி திரும்பும், பின்னே எதுவும் வராது. கால்வாசி என்றால் முன்னே 1.25, பின்னே 0.75, ஆற்றல் 1.5625 + 0.5625 = 2.125 மடங்கு. இதே கால்வாசி உத்தியை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். நடுவில் பழைய, புதிய விடுதிறன்களின் பெருக்கலின் வர்க்கமூலத்தை விடுதிறனாக வைத்து, கால் சுற்று நிறுத்திவிட்டுப் போனால் பின்னே வரும் அலை அடியோடு நீங்கும். எதிரொளிப்பைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடிப் பூச்சின் காலத் தம்பி என்று சொல்லலாம். பச்சேக்கோ-பெனாவும் நாதர் எங்கெட்டாவும் 2020-ல் இதை முன்வைத்தார்கள்.

தொடர்ந்து செய்தால் ஊஞ்சலுக்கு வருகிறோம். ஊஞ்சலில் நின்று ஆடுகிறவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். படி 2-ன் சமன்பாட்டில் விறைப்பை அலையின் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு அதிர்வெண்ணில், 10% ஏற்ற இறக்கத்தோடு அசைத்தால், இழப்பில்லாத பொருளில் வீச்சு ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 17% வளரும். நாலரைச் சுற்றுக்குள் இரட்டிக்கும். சாதாரண ஒளிப் படிகத்தில் சில அதிர்வெண்கள் தடைபடுவதுபோல் இங்கே சில அலை எண்கள் தடைபடுகின்றன, அந்த இடைவெளிக்குள் அலை தேய்வதில்லை, வளர்கிறது. இதை ஒளியியல் காலப் படிகம் என்கிறார்கள். 2012-ல் ஃபிராங்க் வில்செக் முன்வைத்த காலப் படிகம் வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். நுண்ணலையில் இது கைகூடியிருக்கிறது. 2022-ல் மொர்டெக்காய் செகெவ் குழுவினர் இதை லேசராக்கும் வழியைக் கோட்பாட்டளவில் காட்டினார்கள்.

படி 8: கணினியில் ஓட்டிப் பாருங்கள்

பைத்தானில் நாற்பது வரி போதும். ஒளிவேகம் 1, முதல் அலைநீளம் 1 என்று அலகு வையுங்கள். மொத்த நீளம் 60, கட்டத்தின் அகலம் 1/50, ஆக 3000 கட்டங்கள். நேர அடி 1/100.

இரண்டு அணிகளை மட்டும் சேமியுங்கள்: டி கட்டப் புள்ளிகளில், பி அரைக் கட்டம் தள்ளி. ஈ-யைச் சேமிக்கவே வேண்டாம், தேவைப்படும்போது டி-யை அந்த நேரத்தின் விடுதிறனால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியிலும் மூன்று வேலை. பி-யின் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை (நேர அடி ÷ கட்ட அகலம்) ஆல் பெருக்கி டி-யிலிருந்து கழியுங்கள். புதிய டி-யை விடுதிறனால் வகுத்து ஈ எடுங்கள். ஈ-யின் வித்தியாசத்தை அதேபோல் பெருக்கிப் பி-யிலிருந்து கழியுங்கள்.

தொடக்கத்தில் நடுவே சுமார் 6 அலைநீளம் பரவிய, மணி போன்ற காஸ் வடிவத் துடிப்பை வையுங்கள், வீச்சு 1. அது வலப்பக்கம் மட்டும் போக வேண்டுமானால் பி-யும் அதே வடிவம், ஆனால் அரைக் கட்டத்தோடு அரை நேர அடியையும் கணக்கில் சேர்த்துத் தள்ளி எழுத வேண்டும். இதை விட்டால் தொடக்கத்திலேயே இடப்பக்கம் சிறு துடிப்பு ஒன்று கிளம்பும், அதைக் கால எதிரொளிப்பு என்று ஏமாந்துவிடுவீர்கள். அதனால் முதலில் விடுதிறனை மாற்றாமலே ஒரு முறை ஓட்டி, இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர அடிக்கு ஒரு எச்சரிக்கை. அலை ஒரு நேர அடியில் ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது. சோதனை முழுவதிலும் ஒளிவிலகல் எண் எங்கே மிகக் குறைவோ அந்த வேகத்துக்கு இது பொருந்த வேண்டும். தொடக்க வேகத்தை மட்டும் பார்த்து நேர அடியைத் தேர்ந்துவிட்டு, பாதியில் எண்ணை ½ ஆக்கினால் வேகம் இரட்டித்து, கணக்கு விளிம்பில் நிற்கும். இன்னும் குறைத்தால் எண்கள் வெடித்துப் போகும். அந்த வெடிப்பு காலப் படிகத்தின் வளர்ச்சியைப் போலவே தோன்றும். சந்தேகம் வந்தால் நேர அடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். உண்மையான வளர்ச்சி அப்படியே இருக்கும்.

இனி, நேரம் 5-ல் விடுதிறனை 1-லிருந்து 4 ஆக்குங்கள். நேரம் 25 வரை ஓடவிட்டால் இரண்டு துடிப்புகளும் நன்றாகப் பிரிந்திருக்கும். ஈ-யின் உச்சங்கள் 0.375, 0.125 என்று வர வேண்டும். இடத்தில் ஃபூரியர் மாற்றம் எடுத்தால் அலைநீளம் இன்னும் 1. ஒரே புள்ளியில் நின்று நேரத்தில் எடுத்தால் அதிர்வெண் ½. டி × பி-யின் கூட்டுத்தொகை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் நிரலில் பிழை இருக்கிறது.

உண்மைப் பொருளுக்கு இந்த நிரல் அப்படியே பொருந்தாது. பொருளின் எலக்ட்ரான்கள் புலத்துக்கு உடனுக்குடன் பதில் சொல்வதில்லை, பழையதைக் கொஞ்சம் நினைவு வைத்திருக்கும். நினைவின் அளவு அலையின் சுற்றுக் காலத்தை நெருங்கினால் விடுதிறன் என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, எலக்ட்ரான்களின் இயக்கச் சமன்பாட்டையே மூன்றாவது அணியாகச் சேர்க்க வேண்டும். படி 5-ன் பிளாஸ்மாவுக்கு அது ஒரே ஒரு வரிதான்: மின்னோட்டத்தின் மாறுவீதம் = பிளாஸ்மா கோண அதிர்வெண்ணின் வர்க்கம் × ஈ. அதைச் சேர்த்து, மின்னோட்டத்தைச் சுழியில் தொடங்கி ஓட்டினால் 0.75-ம் 0.25-ம் வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. நேரம் 5-ல் விடுதிறன் 4, நேரம் 5.5-ல் மறுபடியும் 1. புதிய சுற்றுக் காலம் 2 என்பதால் இடைவெளி சரியாகக் கால்வாசி. வலப்பக்கம் 1.25, இடப்பக்கம் 0.75. பிறகு 5.5-ஐ 6 ஆக்கி ஓட்டுங்கள். மேலே சொன்ன பாதிச் சுற்று இதுதான். ஆனால் ஓட்டுவது துடிப்பு என்பதால், மைய அதிர்வெண்ணைச் சுற்றியிருக்கும் மற்ற அதிர்வெண்களுக்கு அந்த இடைவெளி சரியாகப் பாதியாக இருக்காது. இடப்பக்கம் மெல்லிய மிச்சம் ஒன்று தெரியும். துடிப்பை 12 அலைநீளத்துக்கு அகலமாக்கிப் பாருங்கள், மிச்சம் ஏறக்குறைய பாதியாகும்.